ரிமோட் சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ: விண்ணப்பம் முதல் முதல் இன்வாய்ஸ் வரை

அலுவலகமே இல்லாத கம்பெனியில் ஒருவர் என்ன வேலை செய்தார் என்பது அவர் எழுதி வைத்ததிலிருந்துதான் மற்றவர்களுக்குத் தெரியும். கோவையில் இருப்பவர் மாலையில் முடித்துவிட்டுப் போனதை டொராண்டோவில் இருப்பவர் அதற்குப் பிறகுதான் திறந்து பார்ப்பார். பக்கத்து நாற்காலியைத் தட்டி "இது என்னப்பா?" என்று கேட்க வழியில்லை. அதனால் இந்தக் கம்பெனிகள் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் முதல் பத்தியிலிருந்தே உங்கள் எழுத்தை எடைபோடத் தொடங்கிவிடுகின்றன. கோட் நன்றாக எழுதத் தெரிந்தும் பாதியில் கழன்றுபோகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். காரணம் என்னவென்று யாரும் சொல்லப்போவதில்லை. "வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம்" என்று இரண்டு வரி மெயில் வரும், அவ்வளவுதான்.

இந்தக் குறிப்புகள் சர்வீஸ் கம்பெனியிலோ ஸ்டார்ட்அப்பிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஊரில் இருந்தபடியே வெளிநாட்டு ரிமோட் கம்பெனிக்கு முயல்கிற டெவலப்பர்களுக்கானவை. ஃப்ரெஷர்களுக்கு இந்த வாசல் குறுகல். ஆள் பக்கத்தில் இல்லாமலேயே வேலையை நகர்த்தத் தெரிந்தவரைத்தான் இவர்கள் தேடுகிறார்கள், அது முதல் வேலையில் கைவருவது கடினம்.

அறிவிப்பைப் படிப்பது

"ரிமோட்" என்று பார்த்ததும் விண்ணப்பித்துவிடாமல் அடுத்த வரியையும் படியுங்கள். "அமெரிக்காவுக்குள் மட்டும்" என்று இருந்தால் அது பெரும்பாலும் வரி, சம்பளப் பதிவு சம்பந்தப்பட்ட கட்டுப்பாடு. எவ்வளவு திறமை இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். "மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பின்" என்று இருந்தால் கதை வேறு. நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் இடைவெளி. மயிரிழையில் வெளியே நிற்கிறோம். "என் வேலை நேரம் மதியம் 12 முதல் இரவு 9 வரை" என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்தால் பல கம்பெனிகள் இறங்கி வரும்.

அடுத்து, இந்தியாவில் ஆளை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வழிகள் உண்டு: இங்கேயே அவர்களுக்குப் பதிவுசெய்த நிறுவனம் இருக்கும், அல்லது டீல், ரிமோட், ஆய்ஸ்டர் போன்ற இடைநிலை நிறுவனம் சட்டப்படி உங்கள் முதலாளியாக இருந்து சம்பளம் போடும், அல்லது நீங்கள் கான்ட்ராக்டராக இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும். பிஎஃப், லீவு, மருத்துவக் காப்பீடு, வரி எல்லாமே இதைப் பொறுத்து மாறும். அறிவிப்பில் இல்லையென்றால் ரெக்ரூட்டரிடம் முதல் பேச்சிலேயே கேட்கலாம். அதைக் கேட்பதில் தவறே இல்லை.

கம்பெனி தன் நடைமுறைகளை வெளியில் எழுதி வைத்திருந்தால் அதைப் படிக்காமல் போகாதீர்கள். கிட்லேப் தன் கையேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக், குரலும் வீடியோவும் இல்லாமல் ஸ்லாக் என்ற சாட் செயலியில் தட்டச்சிலேயே இன்டர்வியூ நடத்துவதற்கும், பணம் கொடுத்து சோதனை வேலை செய்யவைத்துப் பார்ப்பதற்கும் பெயர்போனது. உபுண்டு தயாரிக்கும் கனோனிக்கல் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலுக்கு எழுத்தில் பதில் கேட்கும். பள்ளிக்கூட மார்க் வரைக்கும் விசாரிப்பார்கள். அங்கே "1200க்கு 1094" என்று எழுதினால் லண்டனில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. தமிழ்நாட்டில் 2018 வரை பிளஸ் டூ தேர்வு 1200க்கு, அதன் பின் 600க்கு என்ற விவரம் அவருக்குத் தேவையில்லை. சதவீதமாக எழுதி, "மாநில அளவிலான பொதுத்தேர்வு" என்று சேர்த்தால் போதும்.

ரெஸ்யூமேயில் எதை எடுப்பது

அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று ஊர், தேதி, கையெழுத்தோடு வரும் பத்தி, இவை அத்தனையையும் எடுத்துவிடுங்கள். கேம்பஸ் காலத்து டெம்ப்ளேட்டிலிருந்து வந்த பழக்கம் அது. பாகுபாடு வழக்குகளுக்குப் பயந்து, வயதும் படமும் உள்ள ரெஸ்யூமேயைக் கண்டாலே சங்கடப்படும் கம்பெனிகள் உண்டு. இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பெயருக்குக் கீழே ஊரோடு "யூடிசி +5:30" (உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே) என்று போடுங்கள். நேரக்கணக்கு தெரிந்தவர் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

"பேங்கிங் டொமைன் ப்ராஜெக்ட், டீம் சைஸ் 14" என்பது சர்வீஸ் கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம். அதற்குப் பதிலாக, நீங்கள் கையில் எடுத்த ஒரு பிரச்சினை, செய்த மாற்றம், அதனால் எந்த எண் எவ்வளவு இறங்கியது அல்லது ஏறியது என்று எழுதுங்கள். கிளையன்ட் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்றால் "அமெரிக்க சில்லறை வங்கி ஒன்று" என்றால் போதும்.

"ஏன் எங்கள் கம்பெனி?" என்ற கேள்விக்கு 150 முதல் 200 சொற்கள் சரியாக இருக்கும். அவர்களின் புராடக்ட்டை ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பார்த்து, இடறிய ஓர் இடத்தைக் குறிப்பிடுங்கள். ஏஐ எழுதித் தந்த பதில்களை அவர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

நேரத்தைத் தவறவிடாமல் இருக்க

இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து வாய்ப்பை இழப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை, கணக்கு தவறியவர்கள். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. நமக்கு மாற்றமே கிடையாது. நியூயார்க் காலை 11 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. சான் பிரான்சிஸ்கோ காலை 10 மணி என்றால் கோடையில் இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. மார்ச்சில் இரண்டு கண்டமும் வெவ்வேறு ஞாயிறில் மாறும் அந்த இடைப்பட்ட வாரங்களில் எல்லோருமே குழம்புவார்கள்.

"ஐஎஸ்டி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் அதே மூன்றெழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். "சென்னை நேரம் இரவு 8:30, அதாவது 15:00 யூடிசி" என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை. கொழும்பும் யாழ்ப்பாணமும் இதே +5:30தான். காலண்டர் அழைப்பு வந்ததும் அதிலுள்ள நேரத்தை மெயிலில் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உடனே ஒரு வரி கேளுங்கள். ஊர் பெயரில்லாமல் "இஎஸ்டி" (அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) என்று கோடையிலும் எழுதும் அமெரிக்கர்கள் நிறைய. அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அப்போதைய நியூயார்க் நேரம், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

கரண்ட், நெட், மைக்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். எந்தப் பகுதிக்கு என்றைக்கு என்பது நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முன்கூட்டியே வரும். அந்த நாளில் டேக்-ஹோம் வேலையையோ (வீட்டில் செய்து அனுப்பும் அசைன்மென்ட்) ஆஸ்திரேலியக் கம்பெனியின் காலை இன்டர்வியூவையோ வைத்துக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ளும் அந்தக் கணப்பொழுதில் ரூட்டர் அணைந்து எழும். ஃபைபர் பெட்டி திரும்ப இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று ஏற்பாடாக போன் ஹாட்ஸ்பாட் வேண்டும். நல்ல தரத்தில் வீடியோ கால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்கு மேலேயே சாப்பிடலாம். தினசரி 1.5 ஜிபி பிளானில் காலையிலிருந்து ரீல்ஸ் பார்த்துவிட்டு இரவு இன்டர்வியூவுக்கு அதை நம்பினால், பாதியில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி உங்கள் முகம் உறைந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் ஒரு டேட்டா ஆட்-ஆன் போட்டுக்கொள்வது செலவில் ஒன்றுமில்லை.

மைக்குக்கு ஒயர் உள்ள சாதாரண இயர்போனே மேல். புளூடூத் ஹெட்செட் மைக்கை இயக்கும்போது பல கம்ப்யூட்டர்களில் குரல் அழைப்புக்கான குறைந்த தர முறைக்கு இறங்கிவிடும். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். அந்நிய உச்சரிப்பைப் புரிந்துகொள்ள ஏற்கெனவே முயன்றுகொண்டிருப்பவருக்கு இந்தக் கூடுதல் சுமை எதற்கு? ஃபேன் நேரே மைக்கில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

மேக் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன் ஷேரை முந்தின நாளே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுத்த பின் ஜூமை மூடித் திறக்க வேண்டியிருக்கும். இன்டர்வியூ நடுவே அது நடந்தால் மூன்று நிமிடமும் உங்கள் பதற்றமும் சேர்ந்து போகும். லினக்ஸில் வேலாண்ட் பயன்படுத்துகிறவர்கள் பிரவுசர் வழியாகவும் ஆப் வழியாகவும் இரண்டையும் சோதித்துக்கொள்ளவும். வாட்ஸ்ஆப் வெப்பை மூடிவிடுங்கள். ஸ்கிரீனில் குடும்ப குரூப்பின் குட்மார்னிங் படம் குதிப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் கவனம்தான் சிதறும்.

டேக்-ஹோம்: இங்கேதான் தேர்வு நடக்கிறது

வழக்கமான வரிசை இது: ரெக்ரூட்டரோடு அரை மணி நேரம், மேனேஜரோடு முக்கால் மணி நேரம், பிறகு வீட்டில் செய்யும் அசைன்மென்ட் அல்லது லைவ் கோடிங், அதற்குப் பிறகு சிஸ்டம் டிசைன், கடைசியில் டீம் ஆட்களோடு உரையாடல். மொத்தம் மூன்று முதல் ஆறு வாரம் இழுக்கும். இதில் அதிகம் வெட்டப்படுவது அசைன்மென்ட்டில்.

"நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்: சிஎஸ்வி கோப்பிலிருந்து இன்வாய்ஸ்களைப் படித்து, மாதவாரியாக மொத்தத் தொகையைத் தரும் ஒரு ஏபிஐ. நம்மவர்கள் இதைக் கண்டதும் காஃப்கா, குபர்நெட்டிஸ், மூன்று மைக்ரோசர்வீஸ் என்று கிளம்பிவிடுவது உண்டு. பார்ப்பவருக்கு அது திறமையாகத் தெரியாது, "சின்ன வேலையைப் பெரிதாக்குகிறவர், இவர் கோடை நாளைக்கு யார் பராமரிப்பது?" என்றுதான் தோன்றும். ஒரே அப்ளிகேஷன், ஒரு டேட்டாபேஸ், ஒழுங்கான டெஸ்ட்கள் போதும்.

மதிப்பிடுகிறவர் முதலில் திறப்பது ரீட்மீ, அதாவது கோடோடு சேர்த்து வைக்கும் விளக்கக் குறிப்பு. அதன் பிறகு கமிட் வரலாறு (மாற்றங்களைப் படிப்படியாகச் சேமித்த பதிவு), பிறகு டெஸ்ட்கள், கடைசியில்தான் கோட். ரீட்மீ ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை:

- ஒரே கட்டளையில் இயக்குவது எப்படி, எந்த வெர்ஷன் தேவை
- எதை முடித்தீர்கள், எதை வேண்டுமென்றே விட்டீர்கள், ஏன்
- கேள்வியில் சொல்லாத இடங்களில் நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுகள்
- உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது

மூன்றாவதுதான் உயிர். இப்படி எழுதலாம் (ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இது): "ஒரே இன்வாய்ஸ் எண் இரண்டு முறை வந்தால் பிந்தைய வரியை ஏற்றுக்கொள்கிறேன். திருத்தப்பட்ட இன்வாய்ஸ் பொதுவாகப் பின்னால்தான் சேர்க்கப்படும் என்று நினைத்தேன். முந்தையதை வைக்க வேண்டுமென்றால் இம்போர்ட்டர் கோப்பில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்." நான்கு வரிக்குள் சிக்கலைக் கண்டுபிடித்ததும், முடிவெடுத்ததும், காரணமும், மாற்றும் வழியும் வந்துவிட்டன. ரிமோட் டீமில் தினமும் நடக்கும் வேலை இதேதான்.

கமிட் வரலாற்றில் "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று இரண்டு கமிட் மட்டும் இருந்தால் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பது மறைந்துபோகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு. நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் ரகசியக் குறியீடுகள் உள்ள என்வ் கோப்பையும் கமிட் செய்துவிடாதீர்கள்.

அனுப்பும் முன் வேறொரு ஃபோல்டரில் புதிதாக குளோன் செய்து, உங்கள் ரீட்மீயை மட்டும் வைத்து இயக்கிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ், உலகளாவிய முறையில் இன்ஸ்டால் செய்த ஏதோ ஒரு பேக்கேஜ் இவையெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இன்னொரு கண்ணி நமக்கே உரியது. நமக்கு நள்ளிரவு முதல் காலை 5:30 வரை யூடிசியில் முந்தைய நாள். "1 ஏப்ரல்" என்ற தேதியைக் கணினியின் உள்ளூர் நேரத்தில் படித்து யூடிசியாகச் சேமித்தால் அது மார்ச் 31 ஆகிவிடும், ஏப்ரல் இன்வாய்ஸ் மார்ச் கணக்கில் விழும். டெஸ்ட்டில் எதிர்பார்க்கும் விடையையும் உங்கள் கம்ப்யூட்டர் தந்ததைப் பார்த்தே எழுதியிருந்தால் உங்களிடம் பச்சையாக இருக்கும், அவர்களிடம் சிவக்கும். டைம்சோனை யூடிசி என்று வைத்து ஒருமுறை, நியூயார்க் என்று வைத்து ஒருமுறை டெஸ்ட்களை ஓட்டுங்கள்.

நடுவில் சந்தேகம் வந்தால் கேட்கலாம், கேட்கும் விதம்தான் முக்கியம். "சார், டூப்ளிகேட் வந்தால் என்ன செய்வது?" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும், ஏனென்றால் அங்கே அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாக் கேள்வியையும் ஒரே மெயிலில் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகளைச் சொல்லி, "பதில் வரும்வரை முதல் வழியில் தொடர்கிறேன்" என்று முடியுங்கள். இந்த மெயிலுக்கே தனி மார்க் விழும். "சார்", "மேடம்" வேண்டாம், பெயர் சொல்லியே எழுதுங்கள். கை கூசினாலும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அசைன்மென்ட் என்ற பெயரில் வரும் பொறி

லிங்க்ட்இன்னில் ரெக்ரூட்டர் வேடத்தில் வந்து, "இந்த கிட்ஹப் ரெப்போவை (கோட் தொகுப்பை) ஓட்டிப் பார்த்து பக்கை சரிசெய்யுங்கள்" என்று அனுப்பி, கம்ப்யூட்டரில் திருட்டு நிரலைப் புகுத்தும் கும்பல்கள் இருக்கின்றன. வட கொரியாவோடு தொடர்புடையவை என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் இத்தகைய தாக்குதல்களை 2023இலிருந்து அடையாளம் காட்டி வருகிறார்கள். குறி வைப்பது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்களையும்.

தெரியாதவர் அனுப்பிய ரெப்போ என்றால் முதலில் பிரவுசரிலேயே படியுங்கள். பேக்கேஜ் கோப்பில் இன்ஸ்டாலுக்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்ட் இருக்கிறதா, ஏதாவது ஒரு வரி மட்டும் திரையைத் தாண்டி வலது பக்கம் நீண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். வெற்று இடைவெளிக்கு அப்பால் ஒளித்துவைப்பது பழைய தந்திரம். விஎஸ் கோடில் திறக்கும்போது "இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஃபோல்டரைத் திறந்த உடனே ஓடும்படி டாஸ்க் வைக்க முடியும். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் விர்ச்சுவல் மெஷினில் மட்டும். இப்போதைய ஆபீஸ் லேப்டாப்பில் ஒருபோதும் கூடாது, பறிபோவது உங்கள் வேலையும் சேர்த்து. டெலிகிராமில் மட்டும் பேசும் ரெக்ரூட்டர், லேப்டாப்புக்கு முன்பணம் கேட்கும் கம்பெனி இரண்டையும் யோசிக்காமல் பிளாக் செய்யலாம்.

இதேபோல் கம்பெனிகளும் போலி விண்ணப்பதாரர்களைக் கண்டு மிரண்டிருக்கின்றன. கேமராவை ஆன் செய்யச் சொல்வார்கள், பின்னணிப் படத்தை எடுக்கச் சொல்வார்கள், முகத்துக்கு முன் கையை அசைக்கச் சொல்வதும் உண்டு. அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லைவ் கோடிங்

கேள்வி வந்ததும் கீபோர்டுக்குப் பாயாமல், முதல் ஐந்து நிமிடம் உள்ளீடு எப்படி வரும், காலியாக வந்தால் என்ன, எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்டு, இரண்டு உதாரணங்களைக் கமென்டாக எழுதிக்கொள்ளுங்கள். எளிய வழியை முதலில் முடித்து ஓட்டிக் காட்டுங்கள், வேகப்படுத்துவது பிறகு. பேசாமல் யோசிப்பதுதான் நம்மவர்களின் பெரிய பலவீனம். எதிரில் இருப்பவருக்கு அது நெட் போய்விட்டதுபோலவே தெரியும். "ஒரு நிமிடம் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாவது மௌனமாகுங்கள்.

தலையாட்டலும் கவனிக்க வேண்டிய ஒன்று. நாம் ஆமோதித்துத் தலையை இரு பக்கமும் அசைப்பது வீடியோவில் அமெரிக்கருக்கு "இல்லை" என்று படும். வாயால் "யெஸ்" சொல்லிப் பழகுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசினால் போதும், உச்சரிப்பை மாற்ற முயல வேண்டாம், அது ஐந்தாவது நிமிடத்தில் கலைந்துவிடும்.

ஏஐ உதவி அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சில கம்பெனிகள் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்லி, அது தந்த கோடில் தவறைக் கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்க்கின்றன. சில அறவே தடை செய்கின்றன. கேட்காமல் பக்கத்துத் திரையைப் பார்த்துப் படித்தால் கண் நகர்வதும், பதிலுக்கு முன் ஒரே அளவு இடைவெளி விழுவதும் காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டச்சில் நடக்கும் இன்டர்வியூவில் வேகம் முக்கியமில்லை. ஆனால் பத்து நிமிடம் எதுவும் வராமல் இருந்தால் எதிரில் இருப்பவர் தவிப்பார். நீண்ட பதிலை இரண்டு மூன்று பத்தியாகப் பிரித்து, ஒன்று முடிந்ததும் அனுப்பிவிடுங்கள்.

"நாங்கள்" என்று சொல்வதை விடுங்கள்

"பண்ணியிருக்கோம், மைக்ரேட் பண்ணினோம், டெப்ளாய் பண்ணினோம்" என்று டீமோடு சேர்த்துச் சொல்வது நமக்குப் பண்பாடு. அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் அதில் நீங்கள் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாது, ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார். டீம் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீதியை "நான்" என்று சொல்லுங்கள்.

"மேனேஜரோடு கருத்து வேறுபட்ட ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்ற கேள்வி நிச்சயம் வரும். "அப்படி எதுவும் நடந்ததில்லை" என்பது மரியாதையான பதில் என்று நினைத்துச் சொல்கிறவர்கள் அங்கேயே மார்க்கை இழக்கிறார்கள். மறுப்பை எழுத்தில், சான்றோடு, கோபமில்லாமல் வைக்கத் தெரியாதவர் ரிமோட் டீமில் மௌனமாகத் தவறான வேலையையே செய்துகொண்டிருப்பார் என்பது அவர்கள் பயம். ஐந்தாறு சம்பவங்களை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முரண்பாடு, ஒரு புரொடக்‌ஷன் கோளாறு, தேதி தவறிய வேலை, தனியாக முடிவெடுத்த தருணம், ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொன்றும் பேசினால் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் வாரம் எத்தனை மீட்டிங்? ஆன்-கால் முறை (கோளாறு வந்தால் எந்நேரமும் பார்க்கும் பொறுப்பு) எப்படிச் சுழல்கிறது? ஆசியாவில் இன்னும் யார் இருக்கிறார்கள்? பொங்கலுக்கு லீவா, அமெரிக்க விடுமுறைப் பட்டியலா? ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் கூடுகிறீர்கள், எந்த நாட்டில்? கடைசிக் கேள்வி சுற்றுலா ஆசைக்காக இல்லை: இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா நேரம் வாங்கவே மாதங்கள் ஆகலாம், முன்கூட்டியே தெரிந்தால்தான் போக முடியும்.

சம்பளமும் தாள்களும்

"15 எல்பிஏ" (ஆண்டுக்கு 15 லட்சம்) என்று சொல்லாதீர்கள், அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஆண்டு அடிப்படைச் சம்பளத்தை அவர்கள் பேசும் நாணயத்தில் சொல்லுங்கள். ரூபாயில் எழுத நேர்ந்தால் 35,00,000 என்று கமா போட்டால் குழம்புவார்கள். 3,500,000 என்று எழுதுங்கள். இப்போதைய சிடிசியை (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவை) வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேட்கலாம்.

இடைநிலை நிறுவனம் வழியாக என்றால் அவர்கள் சொல்லும் தொகை கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவா, உங்கள் கிராஸ் சம்பளமா என்று எழுத்தில் கேளுங்கள். மொத்தச் செலவு என்றால் முதலாளி பங்கு பிஎஃப்பும் கிராச்சுவிட்டியும் அதிலிருந்தே கழியும். டாலரில் பேசி ரூபாயில் கொடுத்தால் எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்தில் ஆள் வந்துவிடும் நாட்டிலிருப்பவருக்கு அது அதிர்ச்சி. ஆஃபர் கட்டத்தில் சொன்னால் மறைத்ததுபோல் ஆகும். பணம் கொடுத்து நாட்களைக் குறைக்க முடியுமா என்று உங்கள் நியமனக் கடிதத்தைப் பார்த்து வைத்திருங்கள். பணம் கொடுத்துச் சோதனை வேலை செய்யச் சொன்னால், வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்ற விதி அதே கடிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் என்றால் பிஎஃப், சம்பளத்தோடு லீவு, காப்பீடு, லேப்டாப் எல்லாம் உங்கள் தலையில். அதே வேலைக்கு நிரந்தர ஊழியர் வாங்குவதைவிடக் கால் பங்காவது கூடுதலாகக் கேட்பது நியாயம். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வரும். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆனால் அதற்கான உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டிவரும். மென்பொருள் ஆலோசனைக்கான பர்ப்பஸ் கோடு (வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்று வங்கிக்குச் சொல்லும் குறியீடு) பி0802. வங்கியில் வேறு கோடு போட்டுவிட்டால் வரவு நின்றுபோய் கேள்விக் கடிதம் வரலாம். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றிதழை ஒவ்வொரு மாதமும் வாங்கிக் கோப்பில் போடுங்கள். முதல் இன்வாய்ஸ் அனுப்பும் முன் வெளிநாட்டு வருமானம் பார்த்துப் பழகிய ஆடிட்டர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் போனால் அவரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்.